ஹில்க்கா கை தூக்கினால்

கோபுரப் படியில் உறைபனி பிடித்திருந்தது. இல்மோ ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறு கையில் காப்பிக் குடுவையோடு, படிக்கொரு மூச்சு விட்டு ஏறினான். முப்பத்தெட்டு வருஷம் மர அறுவை ஆலையில் பலகை தூக்கிய முழங்கால். காலையில் கொஞ்ச நேரம் முனகிவிட்டுத்தான் வழிக்கு வரும்.

மேலே ஹில்க்காவும் கௌகோவும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏரியே உருகிப்போச்சு, நீ இன்னும் உருகலையாய்யா?" என்றாள் ஹில்க்கா.

"வயசாளியை விரட்டாதே. காப்பி என் கையிலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ."

"அப்ப மெதுவாவே வா ராசா. குடுவையைப் பாத்து வா."

ஹில்க்கா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். எஞ்சினில் ஒரு திருகாணி தளர்ந்தாலும் ஓட்டிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்ட காது. கௌகோ மூவரில் மூத்தவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நோட்டும் பென்சிலும் அவர் பொறுப்பு. கோபுரத்தின் கைப்பிடிச் சட்டத்தில், சூரியனைப் பார்த்தபடி, மரத்தில் செதுக்கிய பொன்கண் வாத்து ஒன்று உட்கார்ந்திருந்தது. போன வருஷம் வென்றதற்கான சாட்சி.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்குத் தொடங்கி பகல் ஒரு மணி வரைக்கும் கோபுரத்தை விட்டு இறங்காமல் எத்தனை வகைப் பறவை என்று எண்ண வேண்டும். நாடு முழுக்க அன்றைக்கு இதே வேலைதான். ஆனால் கைஸ்லா ஏரியின் வடகரைக் கோபுரத்துக்கு நாட்டைப் பற்றிக் கவலை இல்லை. எதிரே, நாணல் காட்டுக்கு அந்தப் பக்கம், தென்கரைக் கோபுரம் ஒன்று நிற்கிறதே, அதை ஜெயித்தால் போதும். அங்கே தலைவன் ரெய்யோ. இல்மோவின் தங்கை தெல்லெர்வோவைக் கட்டியவன். ஜெயித்த கரைக்கு மரவாத்து. தோற்ற கரைக்காரர்கள் அன்று சாயங்காலம் தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி, ஜெயித்தவர்களுக்கு சௌனாவை, அதாவது சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற குடிலை, சூடாக்கித் தர வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு.

போட்டிக்கு ஒரு விதி உண்டு. ஒரு பறவையை ஒருவர் மட்டும் பார்த்தாலோ கேட்டாலோ செல்லாது. இரண்டு பேராவது வேண்டும். ஹில்க்கா இந்த விதியை இன்னும் இறுக்கி வைத்திருந்தாள். முதலில் கேட்டவர் பெயரைச் சொல்லக் கூடாது. கையை மட்டும் தூக்க வேண்டும். இரண்டாமவர் தானாகக் கேட்டுப் பெயரைச் சொன்னால்தான் கௌகோ எழுதுவார்.

"முதல் ஆளு பேரைச் சொல்லிட்டா ரெண்டாவது ஆளோட காது படுத்துத் தூங்கிடும்" என்பாள்.

இல்மோவின் சங்கடம் இந்த விதியில்தான் இருந்தது.

ஆலையின் வட்டரம்பம் மரத்தில் இறங்கும்போது ஒரு உச்சத்துக்குப் போய்க் கத்தும். முப்பத்தெட்டு வருஷம் கத்திக் கத்தி, அந்த உயரத்துச் சத்தங்களை எல்லாம் அது அவன் காதிலிருந்து வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்னம் கூப்பிட்டால் கேட்கும். பெருங்கொக்கு எக்காளம் ஊதினால் கேட்கும். சின்னக் குருவிகள்தான் போய்விட்டன. நாணல் நுனியில் உட்கார்ந்து அலகைத் திறக்கும், மூடும், தொண்டை துடிக்கும். சத்தம் மட்டும் வராது. இது நான்காவது வசந்தம். அவன் யாரிடமும் சொல்லவில்லை. கேட்காத ஆள் கோபுரத்தில் எதற்கு என்று ஒருநாள் யாராவது கேட்டுவிட்டால்? காப்பி தூக்கிக்கொண்டு வர ஒரு ஆளா? ஆலையிலிருந்து நின்ற பிறகு அவனுக்கு இருந்த இடம் இந்தப் பலகைத் தளம் ஒன்றுதான்.

அதனால் அவன் வேறொன்றைக் கற்றுக்கொண்டான். ஹில்க்காவின் முகத்தை.

அவள் வில்லோ புதரைப் பார்த்துக் கை தூக்கி, உதட்டைக் குவித்தால் அது வில்லோ குருவி. பைன் மரத்து உச்சிக்குப் பார்வை போய், ஒரு கண் சுருங்கினால் தங்கக் கொண்டைக் குருவி. தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கி, நாணல் ஓரத்தையே வெறித்தால் அது சில்வண்டுக் குருவி. பூச்சி கத்துவது போல் நிறுத்தாமல் கத்துகிற பறவை, எல்லாவற்றையும் விட மெல்லியது. இல்மோ பெயரைச் சொல்வான். கௌகோ எழுதுவார். ஒரு தடவையும் தப்பியதில்லை.

போன வருஷம் ஒரு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் அப்படிச் சொன்ன சில்வண்டுக் குருவிதான் தொண்ணூற்றொன்றாவது. தென்கரைக்குத் தொண்ணூறு. அன்று சாயங்காலம் ரெய்யோ தண்ணீர் சுமக்க, இல்மோ சௌனாவின் மேல் பலகையில் உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் வேர்த்தது. பாதி வேர்வைக்கு அடுப்பு காரணமில்லை.

இந்த வருஷம் சொல்லிவிடலாம் என்றுதான் குளிர்காலம் முழுக்க நினைத்திருந்தான். இரண்டு தடவை தொலைபேசியைக் கையில் எடுத்தும் பார்த்தான். படியேறி வந்து காப்பியை ஊற்றியதும் அது அப்படியே தள்ளிப்போய்விட்டது.

ஐந்து மணிக்கு எண்ணிக்கை தொடங்கியது. ஏரி அன்றைக்கு வாரி வழங்கியது. நாமத்தலை வாத்துகள் கூட்டமாக, ஊசிவால் வாத்து இரண்டு ஜோடி, சேற்று ஓரத்தில் தட்டைவாயன்கள், அவற்றின் நடுவே கிளுவை. நாமக்கோழிகள் தண்ணீரில் ஒன்றையொன்று விரட்டிச் சண்டை போட்டன. கொண்டை முக்குளிப்பான் ஜோடி நெஞ்சோடு நெஞ்சு நிமிர்ந்து நின்று, வாயில் பாசியோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"கல்யாணத்துக்கு முந்தி எல்லாரும் அப்படித்தான் தலையாட்டுவாங்க" என்றாள் ஹில்க்கா, தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலைக்கு மேலே உள்ளான் வட்டமடித்துச் சரிந்து, வால் இறகை அதிர வைத்து ஆடு கனைப்பதுபோல் சத்தம் எழுப்பியது. அது இல்மோவுக்கு நன்றாகவே கேட்டது. கேட்கிற ஒவ்வொன்றுக்கும் அவன் கொஞ்சம் அவசரமாகவே கை தூக்கினான்.

ஏழரைக்கு ரெய்யோவிடமிருந்து செய்தி வந்தது. ஹில்க்கா சத்தமாகப் படித்தாள். "எங்களுக்கு ஐம்பத்தெட்டு. வாத்தைத் தூசி தட்டி வைங்க. மச்சானுக்கு வாளி ரெண்டு கழுவி வெச்சிருக்கேன்."

"நமக்கு எத்தனை?" என்றான் இல்மோ.

"அறுபத்தொண்ணு" என்றார் கௌகோ, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு.

"அவன்கிட்டச் சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் சந்தோஷமா இருக்கட்டும்" என்றாள் ஹில்க்கா.

எட்டரை வாக்கில் ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஹில்க்கா கைப்பிடிச் சட்டத்தோரம் நாணலைப் பார்த்து நின்றாள். திடீரென்று அவள் தலை ஒருபக்கம் சாய்ந்தது. மூச்சு நின்றது. கை மேலே போனது.

"சில்வண்டுக் குருவி!" என்றான் இல்மோ, வாயில் ரொட்டியோடு.

கௌகோ எழுதினார்.

ஹில்க்கா மெதுவாகத் திரும்பினாள். "என்னது?"

"சில்வண்டுக் குருவி. நாணல் ஓரம்."

"நான் கழுத்துப் பிடிச்சுக்கிச்சேன்னு சொடக்கு எடுத்தேன்யா. நெசமாவே கேக்குதா?"

இல்மோவின் வாயில் ரொட்டி அப்படியே நின்றது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிரமை என்று சிரித்திருக்கலாம். ஆனால் தலை பழக்கதோஷத்தில் மேலும் கீழும் ஆடிவிட்டது.

ஹில்க்கா தொப்பியைக் கழற்றினாள். இரண்டு காதுக்குப் பின்னாலும் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு சட்டத்தின் மேல் சாய்ந்து கேட்டாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். தளத்தின் இந்த மூலைக்கு வந்து கேட்டாள். அந்த மூலைக்குப் போய்க் கேட்டாள்.

"இன்னும் கத்துதா?"

"ம்."

அவள் பலகையில் உட்கார்ந்தாள். தொப்பியை மடியில் வைத்து அதன் ஓரத்தைத் திருகினாள்.

"எனக்குக் கேக்கல இல்மோ. சுத்தமா கேக்கல." குரல் மெலிந்துவிட்டது. "எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் போச்சு. முதல்ல பூச்சிச் சத்தம் போச்சு, அப்புறம் மழை. கெட்டில் ஊதுறது தெரியாம அடுப்பைக் கரியாக்குவா. போன வாரம் பஸ்ல ஒரு பொண்ணு பின்னாலேருந்து கூப்பிட்டுச்சாம், நான் திரும்பவே இல்லையாம். சத்தத்துல விழலைன்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தாள். "சரி, அடிச்சுடுங்க கௌகோ. ரெண்டாவது காது இல்லையே. அடுத்த வருஷத்துக்கு வேற நல்ல காதா பாத்துக்கங்க."

கௌகோ ரப்பரைத் தேடினார்.

இல்மோ எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். பேசாமல் இருந்தால் எதுவும் தெரியாது. பறவையைக் கௌகோ அடித்துவிடுவார், அவ்வளவுதான். ஆனால் நாட்டிலேயே நல்ல காது ஒன்று, தன்னையே நம்பாமல், தொப்பியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"ஹில்க்கா, எனக்கும் கேக்கல."

"இப்ப நின்னுடுச்சா?"

"இல்ல. கேக்கவே இல்ல. உன் மூஞ்சியைப் பாத்துச் சொன்னேன்."

"என் மூஞ்சில என்ன இருக்கு?"

"எல்லாம் இருக்கு. நாலு வருஷமா அதைப் பாத்துத்தான் சொல்றேன். சின்னக் குருவி ஒண்ணுமே எனக்குக் கேக்காது. ரம்பம் தின்னுடுச்சு. நீ உதட்டைக் குவிச்சா ஒண்ணு, கண்ணைச் சுருக்கினா ஒண்ணு. உன் காதுக்கு ஒண்ணும் ஆகல. அங்க பறவையே இல்ல."

ஹில்க்கா திருகிய தொப்பியைத் தலையில் மாட்டினாள்.

"போன வருஷம்?" என்றாள் ஹில்க்கா.

"அதுவும்தான்."

அவள் எழுந்து போய் மரவாத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தாள். அவன் மேல் எறியப்போகிறாள் என்றுதான் இல்மோ நினைத்தான். எறியவில்லை. அதன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இதை ஒரு வருஷமா என் சமையக்கட்டு ஜன்னல்ல வெச்சிருந்தேன்யா. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டினேன். பால்காரன்கிட்டகூடக் காட்டினேன்! வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன உனக்கு? நான் என்ன உன்னைப் படியிலேருந்து தள்ளியா விட்டிருப்பேன்?"

"தள்ள மாட்ட. வர வேணாம்னு சொல்லிடுவியோன்னுதான்."

"மடையா" என்றாள் ஹில்க்கா. "இவ்வளவு பெரிய மடையனை நான் பாத்ததே இல்ல."

கௌகோ தொண்டையைக் கனைத்தார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். இப்பவே கோவமாத்தான் இருக்கே, செலவோட செலவா போயிடும்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஆறு வருஷம் முந்தி நோட்டை நான் எழுதறேன்னு ஏன் கேட்டு வாங்கிக்கிட்டேன்னு நெனச்சீங்க? கையெழுத்து அழகுன்னா? எழுதற ஆளை யாரும் கேக்குதான்னு கேக்க மாட்டாங்க. எனக்கு லாரி ஹாரன் கேக்கும். கொக்கு கேக்கும். மத்தபடி நீங்க சொல்றதுதான் வேதம்."

ஹில்க்கா ஒருவரை மாற்றி ஒருவராகப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று இல்மோ பதறினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மரவாத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அப்ப இத்தனை வருஷமா இந்தக் கோபுரத்துல ஒத்தைக் காதுதான் இருந்திருக்கு!"

"ரெண்டு" என்றார் கௌகோ. "ஒனக்கு ரெண்டு பக்கமும் இருக்கே."

சிரித்து முடித்ததும் அவள் நோட்டைக் கேட்டு வாங்கினாள். அன்று காலையில் அவள் மட்டும் கேட்டு, இல்மோ முகம் பார்த்துச் சொன்ன பறவைகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். அறுபத்தாறு அறுபதாகியது. "போன வருஷத்து வாத்தையும் சாயங்காலம் ரெய்யோகிட்டக் குடுக்கணும். நீதான் உன் வாயால சொல்லணும்."

"சொல்றேன்" என்றான் இல்மோ. ரெய்யோ சும்மா விடமாட்டான். அடுத்த பத்து கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவனுக்குப் பேச்சு கிடைத்துவிட்டது. ஆனாலும் கழுத்திலிருந்து ஒரு பலகை இறங்கியது போலத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வேலை வேறு விதமாக நடந்தது. ஹில்க்கா கை தூக்கினாள், கூடவே இடத்தையும் காட்டினாள். "ஒத்தை வில்லோ, இடது பக்கம், முட்டி உயரம்." இல்மோ தொலைநோக்கியை அங்கே திருப்பித் தேடினான். பலகையில் மயிரிழை விரிசலைப் பார்த்துத் தள்ளிய கண் அது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நாணல் தண்டுகளுக்கு நடுவே ஒரு புருவக்கோடு, ஒரு தொண்டைத் துடிப்பு. "புருவம் வெள்ளை. நாணல் குருவி!" அவள் கேட்டாள், அவன் பார்த்தான், இரண்டு பேர் ஆயிற்று. அடித்த ஆறில் நான்கை அப்படியே திரும்பப் பிடித்தார்கள். சத்தம் வராத அந்தச் சின்ன அலகுகளை அவன் இப்போது பயமில்லாமல் பார்த்தான்.

பதினொரு மணிக்குத் தெற்கிலிருந்து காற்று எழுந்தது. நாணல் சலசலக்க ஆரம்பித்ததும் ஹில்க்கா உதட்டைப் பிதுக்கினாள். "இந்த இரைச்சல்ல ஒண்ணும் தனியா தெரியாது."

அப்போதுதான் இல்மோ நிமிர்ந்தான். காதில் விழுந்தது என்பதைவிட நெஞ்செலும்பில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். தூரத்தில் யாரோ வெறும் பாட்டிலின் வாயில் உதடு வைத்து ஊதுகிற மாதிரி. ஒரு முறை. இடைவெளி. மறுபடி.

அவன் கை தூக்கினான்.

ஹில்க்கா தலையைச் சாய்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். மூவரும் அசையாமல் நின்றார்கள். கௌகோவின் பென்சில் காற்றில் நின்றது. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"குருகு" என்றார். "பெரிய நாணல் குருகு. அந்தக் கோடியிலேருந்து." தன் குரலைத் தானே கேட்டு வியந்ததுபோல் இன்னொரு தடவை சொன்னார். "குருகு! நான் சொல்லிட்டேன்!"

"எழுதுங்க, எழுதுங்க" என்றாள் ஹில்க்கா. "எனக்குக் கேக்கவே இல்ல. ஆனா ரெண்டு பேரு ஆச்சே, விதி விதிதான்."

ஒரு மணிக்கு வடகரைக்கு எண்பத்திரண்டு. தென்கரைக்கு எண்பத்தைந்து.

சாயங்காலம் தென்கரையில், சௌனாக் குடிலின் வாசலில், ரெய்யோ வாளிகளோடு காத்திருந்தான். "வாங்க மச்சான்! கை ரெண்டையும் நல்லா நீவி விட்டுக்கிட்டீங்களா? கெணறு கொஞ்சம் தூரம்."

இல்மோ மரவாத்தை நீட்டினான். "இந்த வருஷத்துக்கு மட்டும் இல்ல ரெய்யோ. போன வருஷமும் இது உங்களுதுதான்." பிறகு நடந்ததைச் சொன்னான். எதையும் விழுங்கவில்லை. போன வருஷம் எத்தனை என்று கேட்டதற்கு ஏழு என்று விரல் விட்டுக் காட்டினான்.

ரெய்யோ வாளிகளைக் கீழே வைத்தான்.

"அப்ப நான் போன வருஷம் சும்மாவா இருபது வாளி சுமந்தேன்?"

"சும்மாதான்."

"அந்த முதுகு வலி?"

"என்னாலதான்."

"சரி. இன்னிக்கு ரெண்டு தடவை சௌனா போடறீங்க. இந்த வருஷத்துக்கு ஒண்ணு, போன வருஷத்துக்கு ஒண்ணு. நடுவுல சாசேஜையும் நீங்கதான் சுடறீங்க." சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூஞ்சியைப் பாத்தா! அம்பத்தெட்டு வயசுப் பொம்பளையோட மூஞ்சியைப் பாத்து ஏழு பறவையா! கெட்டிக்காரன்தான்யா நீ. அடுத்த வருஷம் என்ன பண்ணுவீங்க? மூணு பேரு, ரெண்டு காது! பேசாம எங்களுக்கு இப்பவே வாத்தை ஆணி அடிச்சு வெச்சுடலாம்."

படியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தெல்லெர்வோ தலை நிமிர்ந்தாள். "அண்ணா, அடுத்த வருஷம் நான் உங்க கோபுரத்துக்கு வர்றேன்."

"என்ன விளையாடறே?" என்றான் ரெய்யோ.

"பத்தொன்பது வருஷமா உங்க பக்கத்துல நின்னு கேக்குறேன். பறவை ஒரு வார்த்தை சொன்னா நீங்க பத்து வார்த்தை சொல்றீங்க. பாதிப் பறவை அதுலயே பறந்து போயிடுது. அங்க பாருங்க, ரெண்டு ஆம்பளைங்க, வாயையே தொறக்காம எழுதிக்கிட்டும் பாத்துக்கிட்டும் இருக்காங்க. எனக்கு அது போதும்."

"ஹில்க்கா, இவளைத் தூண்டி விட்டது நீதானே?"

"நான் கையே தூக்கலையே" என்றாள் ஹில்க்கா.

இல்மோ வாளிகளை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனான். முழங்கால் முனகியது. கௌகோ பின்னால் விறகை மார்போடு சுமந்துகொண்டு, "குருகு நான்தான் சொன்னேன்" என்று ரெய்யோவுக்கு மூன்றாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தார். சௌனாப் புகைக்கூண்டிலிருந்து பூர்ச்ச மரப் புகை எழுந்து, ஏரிமேல் நீளமாகப் படுத்தது.

இரண்டாவது நடையில் வாளி நிறையத் தண்ணீரோடு திரும்பும்போது, கரையில் நின்ற தெல்லெர்வோ சட்டென்று கை தூக்கினாள். தலை சாய்ந்திருந்தது. ஹில்க்கா அவள் பக்கத்தில் போய் நின்றாள். மூச்சை அடக்கினாள். பிறகு மெல்ல, மிக மெல்லச் சொன்னாள்.

"சில்வண்டுக் குருவி."

"ஒரு மணியோட கணக்கு முடிஞ்சு போச்சு!" என்று குடிலுக்குள்ளிருந்து ரெய்யோ கத்தினான். "செல்லாது!"

இல்மோ வாளிகளைத் தரையில் வைத்தான். நாணல் ஓரம் அவனுக்கு அமைதியாகத்தான் இருந்தது. "நெசமா?" என்றான்.

"நெசமா" என்றாள் ஹில்க்கா. "நிறுத்தாம கத்துது. தையல் மிஷின் ஓடற மாதிரி. இப்பக் கொஞ்சம் வலது பக்கம் திரும்பிடுச்சு. இப்ப இங்க பாத்துக் கத்துது."

அவள் சொல்லச் சொல்ல அவன் அந்த நாணலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மச்சான்! கல்லு சூடாயிடுச்சு, தண்ணி எங்க?"

"வருது, வருது" என்றான் இல்மோ. ஆனால் வாளியை உடனே எடுக்கவில்லை.